புல்வெட்டும் மெஷினுக்குப் பவுடர் பூசிய நாள்

போன மாதம் எங்கள் மலை மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. புல்வெட்டும் மெஷின் ஒன்று. இஞ்சின் முழுக்க எண்ணெய், அதன் மேல் அப்பிக்கொண்ட புல் துணுக்கு. கீழே ஒரு வரி: "ஆயில் லீக். சீல் மாத்திட்டேன், பேக்கிங் மாத்திட்டேன், நிக்க மாட்டேங்குது. எங்கிருந்து வருதுன்னு சொல்லுங்க." பத்து நிமிடத்தில் பதினோரு பேர் பதினோரு பாகத்தின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். நான் இரண்டு வரி போட்டேன். முதலில் கழுவு. அப்புறம், அதைக் கடைசியாகத் திறந்தது யார் என்று சொல்.

முதல் வரி படம் போட்ட பையனுக்குப் புரிந்தது. இரண்டாவதற்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்ண்ணா, என்னையக் குத்தம் சொல்றீங்களா?" என்று குரல் பதிவு அனுப்பினான். இல்லை என்றேன். அப்படியானால் எதற்கு அந்தக் கேள்வி என்று குழுவில் நாலைந்து பேர் கேட்டார்கள். விரலால் அவ்வளவு தட்ட எனக்குப் பொறுமை இல்லை. காகிதத்தில் எழுதுகிறேன், யாராவது அடித்துப் போட்டுக்கொள்ளட்டும்.

ஏற்காட்டில் இப்போது பெரிய ஹோட்டல்களெல்லாம் பேட்டரி மெஷினுக்கு மாறுகின்றன. நல்ல மெஷின்தான். சத்தம் இல்லை, புகை இல்லை, ஒழுகுவதற்கு எண்ணெயே இல்லை. எனக்கு அதன் மேல் வருத்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் மருந்தடிக்கும் பம்பு, காப்பிப் பழம் உரிக்கும் இஞ்சின், புதர் வெட்டும் மெஷின் என்று இந்த மலையில் இன்னும் பல வருடம் ஒழுகுவதற்கு வேண்டிய பெட்ரோல் இஞ்சின் இருக்கிறது. அவற்றைப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் ஏழாவது வரை படித்தவன். ஏழாவதையும் முடிக்கவில்லை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து லாரி கிளீனராகப் போனேன். சங்ககிரியில் ஒரு பட்டறை, மங்களூரில் மீன்பிடிப் படகு, நாக்பூர் ரோட்டோரத்தில் டீசல் பம்பு, குஜராத்தில் கிணற்று இஞ்சின். மொத்தம் ஏழு பட்டறை, நாலு பாஷை. தமிழைத் தவிர எதிலும் எழுதத் தெரியாது, எல்லாவற்றிலும் திட்டத் தெரியும். மங்களூரில் இடது கையில் இரண்டு விரல் நுனி ஃபேன் பெல்ட்டில் போயிற்று. நாக்பூரில் மலேரியா வந்து லாரிக்கு அடியிலேயே பன்னிரண்டு நாள் கிடந்து எழுந்தேன். அந்தத் தொழிலில் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று இப்படிப் போயிருக்கும், வந்திருக்கும்.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓர் இடத்தில் ஏதாவது கோணலாகிவிட்டால் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். சொல்லிக்கொள்ள மாட்டேன். பை எப்போதும் தயாராக இருக்கும். துண்டு, இரண்டு சட்டை, பத்து நம்பர் ஸ்பேனர்.

சங்ககிரிப் பட்டறையின் மேஸ்திரி பெயர் அங்கப்பன். ஒழுகும் லாரி ஒன்று உள்ளே வந்தால் நாங்கள் எல்லாரும் அடியில் புகுந்து படுத்துவிடுவோம். அவர் கவிழ்த்த ஆயில் டின்னின் மேல் உட்கார்ந்து டிரைவரிடம் மூன்று கேள்வி கேட்பார். எப்ப இருந்து? எவ்வளவு தூரம் ஓடினா வருது? கடைசியா யாரு கை வெச்சா? பதில் வந்த பிறகுதான் எழுந்திருப்பார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வருவார். சட்டைப் பையிலிருந்து துவைத்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து ஈரமான இடத்தை ஒற்றுவார். வெயிலில் பிடித்து நிறம் பார்ப்பார், மோந்து பார்ப்பார். டீசலா, இஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா என்று அதிலேயே முடிவாகிவிடும். பிறகு கறை உள்ளே போகும்படி துணியை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கழுவுங்கடா" என்பார். கழுவாமல் ஒரு போல்ட்டைத் தொட்டவனை அவர் ஸ்பேனராலேயே அடித்திருக்கிறார். நானும் வாங்கியிருக்கிறேன், முழங்கையில்.

அங்கே ஒருநாள் டீசல் ஃபில்டர் மாற்றிய லாரியில் செம்பு வாஷர் ஒன்றைப் போட மறந்துவிட்டேன். தக்காளி ஏற்றிய வண்டி. பவானி தாண்டுவதற்குள் டீசல் ஒழுகி நின்றுவிட்டது. டிரைவர் திரும்பி வந்து கத்தினார். மேஸ்திரி டின்னில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "கடைசியா யாரு கை வெச்சா?" நான் பேசவில்லை. அன்றைக்கு அதே லாரியில் வீல் கழற்றியவன் ஓமலூர்ச் செல்வம். அவன்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தேன். செல்வத்தைச் சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை நான் மங்களூர்ப் பக்கம் பஸ் ஏறினேன். அந்தக் கேள்வி யாரையாவது மாட்டிவிடுவதற்கான கேள்வி என்று அப்போது முடிவு செய்துகொண்டேன். அதன் பிறகு எந்தப் பட்டறையிலும் அதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஏற்காட்டுக்கு ஒருநாள் வேலையாக வந்தேன். ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கும் இஞ்சின் நின்றுவிட்டது என்று சேலத்திலிருந்து கூட்டிவந்தார்கள். கொண்டை ஊசி வளைவில் இரண்டு முறை வாந்தி. இஞ்சின் அன்றைக்கே ஓடிவிட்டது. இறங்கினால் மறுபடியும் வாந்தி எடுக்க வேண்டுமே என்று ஒருநாள் தள்ளிப்போட்டேன். அப்படியே இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது.

இங்கே வந்துதான் புல்வெட்டும் மெஷினைக் கையில் எடுத்தேன். லாரி இஞ்சினைப் பார்த்தவனுக்கு அது பொம்மை மாதிரி. ஆனால் பொம்மை ஒழுகினால் கண்டுபிடிப்பது லாரியைவிடக் கஷ்டம். இஞ்சின் தலையில் ஒரு காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மூலையில் கசியும் எண்ணெயை அது ஊதி உடம்பு முழுக்கப் பூசிவிடும். வெட்டிய புல் பறந்துவந்து அதில் ஒட்டும். இந்த ஊர்ப் பனி வேறு அதைக் களி மாதிரி ஆக்கிவிடும். கடைசியில் எண்ணெய் சொட்டுவது அடியில், பிளேடுக்குப் பக்கத்தில். உடனே அடியில் உள்ள ரப்பர் சீல் போய்விட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். சொட்டுகிற இடத்தைப் பார்த்துப் பாகம் மாற்றுகிறவன் பாகம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தலைச்சோலை ரோட்டில் ஒரு பங்களாவில் மூன்று மெக்கானிக் பார்த்துக் கைவிட்ட மெஷினை என்னிடம் கொடுத்தார்கள். சீல் இரண்டு தடவை மாற்றியிருந்தது. நான் காற்றாடி மூடியைக் கழற்றி, உள்ளே இறுகியிருந்த புல்களியைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. எப்போதோ யாரோ ஊற்றும்போது சிந்திய பழைய எண்ணெய் அந்தக் களியில் ஊறிக்கிடந்து, சூடாகும்போதெல்லாம் உருகிச் சொட்டியிருக்கிறது. பங்களா அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "என்னத்த மாத்துனீங்க?" என்று மூன்று முறை கேட்டார். "அழுக்கைத்தான் மாத்துனேனுங்க" என்றேன்.

இந்த மாதிரி வேலையால் எனக்குப் பேர் வந்தது. பேர் வந்தவனுக்கு என்ன ஆகும் என்பதற்குத்தான் அடுத்து எழுதுவது.

ஏரிக்கு மேலே ஒரு ஹோட்டல். பெயர் வேண்டாம். பெரிய புல்வெளி, பாதி சமதரை, பாதி சரிவு. அங்கே மேனேஜர் சிவக்குமார், சேலத்துக்காரர். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிற மனிதரை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. திட்டவே மாட்டார். யாரையாவது வேலையை விட்டு அனுப்புவதென்றால் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, நாற்காலி காட்டி, "காப்பி சாப்பிடறீங்களாங்க?" என்பார். குடித்து முடித்ததும், "நாளையிலிருந்து சிரமப்பட வேண்டாமுங்க" என்பார். மேனேஜர் காப்பி கொடுத்தால் பெட்டியைக் கட்டு என்று அங்கே வேலை செய்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அவர் ஆபீஸ் பக்கம் டிரே போனாலே தோட்டத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்த ஹோட்டலில் மெஷின் ஓட்டியவர் மல்லிகா. மாரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். நாற்பது வயதிருக்கும். அதற்கு முன்னால் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். பழம் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. ஹோட்டலில் களை எடுக்கச் சேர்ந்தார். சித்திரையில் மெஷின் ஓட்டிய ஆள் திருப்பூர் போய்விட்டான். வேறு யாரும் வரவில்லை. மல்லிகா நான் ஓட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டார். அதோடு மாதச் சம்பளம். வாட்ச்மேன் தினமும் ஏதாவது சொல்வான். "மல்லிகாக்கா, மெஷின் உங்களையத் தள்ளுதா, நீங்க மெஷினைத் தள்ளறீங்களா?" அவரும் விடமாட்டார். "ரெண்டு பேரும் சேந்து உன்னையத்தான் தள்ளப் போறோம், கேட்டுப் பக்கம் தள்ளி நில்லு சாமி."

வைகாசி மழை வந்தது. புல் வெட்ட வெட்ட எழுந்தது. மெஷின் தினமும் ஓடியது. இரண்டே வாரத்தில் எண்ணெய் ஒழுக ஆரம்பித்து, புல்வெளியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் மஞ்சளாகக் கருகிக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் புல்வெளியில் ஒரு நிச்சயதார்த்தம். புதன்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்கள்.

மேனேஜர் என்னை ஷெட்டுக்கே கூட்டிப்போனார். "அந்தம்மா வந்த பொறகுதானுங்க இப்பிடி. கல்லுல மோதிருக்கோணும், இல்லீன்னா ஆயிலை அளவுக்கு மேல ஊத்திருக்கோணும். முதலாளிகிட்ட நான் சொல்லிட்டேனுங்க. நீங்க பாத்து ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா அடுத்த ஏற்பாட்டைப் பாத்துக்கலாம். நீங்க சொன்னா முதலாளி நம்புவாருங்க."

மல்லிகா ஷெட் வாசலில் நின்றிருந்தார். காதில் விழுந்திருக்கும். மேனேஜர் போனதும் உள்ளே வந்தார்.

"ஏனுங்ண்ணா, நீங்க எழுதறதுதான் கணக்குங்களா?"

"பாக்கறேன்மா."

"கல்லுல மோதலீங்க. குலதெய்வத்து மேல சத்தியம்."

"சத்தியமெல்லாம் வேண்டாம். மெஷினே சொல்லும்."

"அது சொல்றது உங்களுக்கு மட்டுந்தானுங்களே கேக்குது" என்றார். எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது, அப்போது.

முதலில் எண்ணெய் அளவு. சமதரையில் வைத்து, அளவுக் குச்சியைத் துடைத்து உள்ளே விட்டு எடுத்தேன். அளவுக்குக் கீழேதான் இருந்தது. மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை இல்லை. கார்புரேட்டர் கசிந்து பெட்ரோல் உள்ளே இறங்கினாலும் ஒழுகும், அதுவும் இல்லை. அடுத்து பிளக் வயரைப் பிடுங்கித் தூரமாகக் கட்டினேன். என் விரல்களைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். மெஷினைச் சாய்த்துப் பிளேடைக் கையால் சுற்றினேன். அதன் நுனிக்கு நேராக ஒரு குச்சியை வைத்து, இரண்டு நுனியும் அதே தூரத்தில் வருகிறதா என்று பார்த்தேன். நூல் அளவுகூட வித்தியாசம் இல்லை. பிளேடைச் சுற்றும் ஷாஃப்ட் வளையவில்லை. பிளேடில் அடிபட்ட பள்ளமும் இல்லை. கல்லில் மோதவில்லை.

"கல்லு இல்லை" என்றேன். மல்லிகா குனிந்து பிளேடைப் பார்த்தார்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இருந்த பஞ்சு எண்ணெயில் ஊறிப் பிழிந்தால் வழியும் நிலையில் இருந்தது. இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பதில் தயாராகிவிட்டது. மெஷினைத் தப்பான பக்கம் சாய்த்துக் கழுவினால் எண்ணெய் ஃபில்டருக்குப் போகும். சரிவில் குறுக்காக ஓட்டினாலும் போகும். அந்தப் புல்வெளியில் பாதி சரிவு.

"கழுவறப்போ எப்பிடிச் சாய்ப்பீங்க?"

அவர் காட்டினார். ஃபில்டர் பெட்டி மேலே இருக்கும்படிதான் சாய்த்தார். சரியான முறை. யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். "கீழ சாய்ச்சா ஒழுகும்னு பாத்தாலே தெரியுதுங்களே, பால் குண்டா இல்லீங்களா?" என்றார்.

ஆனால் சரிவு இருக்கிறதே. சரிவு என்று எழுதியிருக்கலாம். மேனேஜருக்கும் போதும். பொய்யென்று யாரும் சொல்ல முடியாது. எழுதாததற்குக் காரணம் நல்ல எண்ணமெல்லாம் இல்லை. கழுவாமல் சொல்லக் கூடாது என்ற பழக்கம், அவ்வளவுதான். முழங்கை அடி.

கழுவினேன். காற்றாடி மூடி, ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றி, திறந்த வாய்களில் துணி அடைத்து, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் விட்டு, துடைத்து, வெயில் அன்றைக்கு வந்தும் போயும் இருந்ததால் இரண்டு மணி நேரம் காயவிட்டேன். ஃபில்டர் பஞ்சையும் அலசிக் காயவைத்தேன். எண்ணெயைச் சரியான அளவுக்கு ஊற்றினேன். பிறகு மல்லிகாவிடம் கேட்டேன்.

"பவுடர் இருக்குதுங்களா?"

"என்ன பவுடருங்க?"

"மூஞ்சிக்குப் போடற பவுடர்."

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். நான் அதை இஞ்சின் மேல் தட்டினேன். ஒவ்வொரு மூட்டிலும், ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும், அடியில் சீலைச் சுற்றியும் வெள்ளையாகப் பூசினேன். புது எண்ணெய் ஒரு துளி வந்தாலும் வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். எங்கே முதலில் கறுக்கிறதோ அதுதான் பிறப்பிடம்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தான். "ஞாயித்துக்கெழமை பொண்ணு இவதானா?"

"ஆமா, மாப்பிள்ளை நீயாக்கும், போய்க் குளிச்சுட்டு வா" என்றார் மல்லிகா.

ஷெட்டுக்குள் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி ஓட்டினேன். சாய்க்கவில்லை, சரிவில்லை. ஐந்து நிமிடம். நிறுத்திப் பார்த்தோம். எல்லாம் வெள்ளை. மறுபடி ஓட்டினேன். பதினைந்து நிமிடம் ஆனதும் இலேசான நீலப் புகை. நிறுத்தினேன். அடியில் சீல் வெள்ளை. வடிகால் போல்ட் வெள்ளை. பக்கவாட்டு மூட்டு வெள்ளை. மேலே, ஃபில்டர் பெட்டியின் கீழ் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. அங்கிருந்துதான் அது இறங்கிக் காற்றாடிக்குள் போய், உடம்பெல்லாம் பரவி, அடியில் சொட்டியிருக்கிறது.

சமதரையில் நின்ற மெஷினில் எண்ணெய் மேலே ஏறி ஃபில்டருக்கு வருகிறது என்றால் வழி ஒன்றுதான். இஞ்சின் உள்ளே இருக்கும் காற்று வெளியே மூச்சு விட ஒரு சிறிய அறை உண்டு. பிரீதர் என்போம். அங்கிருந்து ஒரு குழாய் ஃபில்டருக்குப் போகும். காற்றோடு கொஞ்சம் எண்ணெய்த் திவலையும் அந்த அறைக்கு வரும். அது திரும்பி உள்ளே இறங்க, அறையின் கீழ் மூலையில் குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை அடைத்துக்கொண்டால் எண்ணெய் அறையில் நிரம்பிக் குழாய் வழியே ஃபில்டருக்குப் போய்விடும்.

பிரீதர் மூடியின் இரண்டு போல்ட்டைக் கழற்றப் போனேன். ஸ்பேனர் வைத்ததும் போல்ட் சுலபமாகத் திரும்பியது. சமீபத்தில் யாரோ திறந்த போல்ட்.

மூடியும் இஞ்சினும் சேருகிற இடத்தில் வைக்கிற தட்டையான அட்டைக்குத்தான் பேக்கிங் என்று பெயர். கம்பெனி பேக்கிங் சேலத்திலிருந்து வர நாலு நாள் ஆகும். அதனால் இந்த மலையில் அதைக் கையால் வெட்டாத மெக்கானிக் கிடையாது. கெட்டி அட்டையை இரும்பின் மேல் வைத்து விளிம்போடு சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் அச்சாக வெட்டுப்பட்டுவிடும். போல்ட் ஓட்டைகளுக்குச் சுத்தியலின் குண்டுத் தலை. பேக்கிங் ஷீட் தீர்ந்துபோனால் நாங்கள் கல்யாணப் பத்திரிகையில் வெட்டுவோம். பெரிய இடத்துக் கல்யாணப் பத்திரிகை நல்ல கெட்டி.

மூடியை எடுத்தேன். மல்லிகா குனிந்து பார்த்தார்.

"என்னுங்ண்ணா இது, பத்திரிக்கையாட்டம் இருக்குது? பொன்னெழுத்துல 'மணமக'ன்னு போட்டிருக்குதுங்க."

போட்டிருந்தது. எண்ணெயில் ஊறிப் பழுப்பாகியும் அந்தப் பொன்னெழுத்து மட்டும் போகவில்லை. மாசி மாதம், இந்த மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று என்னிடம்தான் கொடுத்தார்கள். வால்வு இடைவெளி பார்க்க பிரீதரைத் திறந்தேன். பழைய பேக்கிங் கிழிந்துவிட்டது. பத்திரிகையில் வெட்டிப் போட்டேன். விளிம்பு அச்சு, போல்ட் ஓட்டை இரண்டும் அச்சு. கீழ் மூலையில் அந்தக் குண்டூசித் தலை ஓட்டை சுத்தியலுக்குச் சிக்காது. அதற்குத் தனியாக ஆணி வைத்துத் தட்ட வேண்டும். நான் தட்டவில்லை, அட்டை அந்த வழியை அடைத்துவிட்டது. மாசி, பங்குனியில் புல் வளராது. வாரத்துக்கு ஒருநாள் பத்து நிமிடம் ஓடிய மெஷினில் எண்ணெய் நிரம்ப நேரமில்லை. மழை வந்து தினமும் ஓடியதும் நிரம்பியது. அந்த நேரம் பார்த்து மல்லிகா மெஷினைக் கையில் வாங்கியிருந்தார்.

"இது யாரு வெச்சதுங்க?" என்றார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். அதில் குத்தலே இல்லை. டின்னின் மேல் உட்கார்ந்து கேட்ட மனிதரின் குரல்தான் எனக்குக் கேட்டது. என் கை தானாக ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தது.

இரண்டு நிமிட வேலைதான். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, புதிதாக ஒன்று வெட்டி மாட்டிவிட்டு, சரிவு என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆபீஸில் யாருக்கும் பிரீதர் என்றால் என்னவென்றே தெரியாது. சேலத்துக்கு நாலரை மணிக்கு ஒரு பஸ் இருப்பதும் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் பாதிக்கு மேல் கழிந்த பிறகும் அந்த பஸ்தான் முதலில் ஞாபகம் வந்தது.

"நான்தாம்மா வெச்சேன்" என்றேன். "ஓட்டை போட மறந்துட்டேன்."

அவர் அட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்போ நானில்லீங்களா?"

"நீங்க இல்லை."

"எனக்கே சந்தேகம் வந்திருச்சுங்க" என்றார். "நான்தான் என்னமோ பண்ணிப்போட்டேன்னு. ரெண்டு வாரமா ஊட்டுல சோறு எறங்கலீங்க." பிறகு மூலையில் இருந்த உரமூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. பவுடர் டப்பாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஒரு தாளில் எழுதினேன். எனக்கு எழுத்து கோணலாக வரும். மெஷின் ஓட்டியவர் பேரில் தப்பு இல்லை. மாசியில் நான் போட்ட பேக்கிங்கில் ஓட்டை விட்டுப்போய்விட்டது. அதனால் ஆயில் வந்தது. கீழே கையெழுத்து.

மேனேஜர் நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார்.

"சரிவுல ஓட்டுனதாலன்னு போட்டுருந்தா யாருக்கும் சங்கடமில்லீங்களே" என்றார் மெதுவாக.

"அந்தம்மாவுக்குச் சங்கடமுங்க."

"முதலாளிகிட்ட நான் ஒண்ணு சொல்லிட்டேனுங்களே."

"மாத்திச் சொல்லுங்க. என் பேரைச் சொல்லுங்க. தாளும் இருக்குது."

அவர் தாளை மடித்தார். ஜன்னல் வழியாகப் புல்வெளியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நாற்காலியைக் காட்டி, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"காப்பி சாப்பிடறீங்களாங்க?"

சாப்பிட்டேன். நல்ல காப்பி. மலையில் விளைந்ததை அவ்வளவு கெட்டியாக வேறு எங்கும் குடித்ததில்லை.

வெளியே வந்தபோது மல்லிகா ஷெட் வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தார். டிரே போனதைப் பார்த்திருப்பார்.

"குடுத்துட்டாருங்களா?"

"குடுத்துட்டாரு. சக்கரை கொஞ்சம் கம்மி."

அவர் சிரிக்கவில்லை. நான் ஷெட்டுக்குள் போய் நல்ல பேக்கிங் ஷீட்டில் ஒன்று வெட்டி, மூலையில் ஆணி வைத்துத் தட்டி, துளையைக் கண்ணால் பார்த்து மாட்டினேன். அரை மணி ஓட்டினோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மல்லிகா புல் முழுக்க வெட்டி, மஞ்சள் பட்ட இடத்திலெல்லாம் பூந்தொட்டி தூக்கி வைத்துவிட்டாராம். வந்தவர்கள் தொட்டிகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த ஹோட்டல் வேலை எனக்கு நின்றது. அந்தச் செய்தி மற்ற இடங்களுக்கும் போய், ஒரு வருடம் போல வேலை குறைந்தது. அந்த வருடம் வெள்ளக்கடைப் பக்கம் மருந்துப் பம்பு பார்த்துக் காலத்தை ஓட்டினேன். பஸ் ஏறவில்லை. செல்வத்தை ஓமலூரில் இரண்டு முறை விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. அது அப்படியே இருக்கிறது.

பிறகு மேனேஜர் மாறினார். புதியவர் என்னைக் கூப்பிட்டார். மல்லிகாதான் சொன்னாராம். அதன் பின்னர் நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் அந்த மெஷினைத் திறந்து பார்ப்பது என் வேலை. முழங்கால் விட்டுப்போய் போன வருடம் நிறுத்திக்கொண்டேன்.

அதனால்தான் தம்பி, உன்னிடம் அந்தக் கேள்வி. குற்றம் சொல்ல இல்லை. மெஷினை யாராவது கடைசியாகத் தொட்டிருப்பார்கள், கோளாறு பெரும்பாலும் அந்தக் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அது உன் கையாகவும் இருக்கலாம். முதலில் அங்கே தேடு. நேரம் மிச்சமாகும்.

ஹோட்டல் ஷெட்டின் சுவரில் அந்தக் கல்யாணப் பத்திரிகை அட்டையை மல்லிகா ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். அடித்த ஆணி சரியாகக் கீழ் மூலையில். கடைசித் தடவை போனபோது வேலையை முடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டேன். சரிவின் உச்சியிலிருந்து, ஓடுகிற மெஷினை நிறுத்திவிட்டு, மல்லிகா ஹோட்டலில் தங்கியிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"அண்ணா! ஓட்டை போட்டீங்களா?"

"போட்டேன், போட்டேன்" என்று நானும் கத்தினேன். அவர் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் மெஷின் பிடித்துக்கொண்டது.